டேங்க் மேல 19.6, ஏசி ரூம்ல 20.9: ஆக்சிஜன் சென்சார் போயிடுச்சா, காத்துதான் மாறுதா?

ராணிப்பேட்டை_ஈடிபி:

வணக்கம். தோல் தொழிற்சாலை ஈடிபி (கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம்). கலெக்‌ஷன் டேங்க், ஈக்வலைசேஷன் டேங்க், ஸ்லட்ஜ் சம்ப் (கசடு சேர்ற குழி) மூணுக்கும் மூடி திறக்கிறதுக்கு முன்னாடி பார்க்க ஒரு நாலு கேஸ் மானிட்டர் இருக்கு. உள்ளேயே பம்ப் உள்ள மாடல். ஆக்சிஜன், எல்.இ.எல். (தீப்பிடிக்கிற வாயு), கார்பன் மோனாக்சைடு, ஹைட்ரஜன் சல்ஃபைடு. ஆக்சிஜன் சென்சார் ஈயம் உள்ள கால்வானிக் டைப், மாத்தி அஞ்சு மாசம் ஆகுது.

காலையில ஏசி ரூம்ல (22 டிகிரி) ஆன் பண்ணி ஃப்ரெஷ் ஏர் செட் பண்ணா (சுத்தி இருக்கிற நல்ல காத்தை 20.9% ஆக்சிஜன்னு பதிய வைக்கிறது) 20.9 கரெக்டா நிக்குது. வெளியே எடுத்துட்டுப் போனா அரை மணி நேரத்துல 20.2, மதியத்துக்குள்ள 19.6. டேங்க் மூடிகூட திறக்கல, திறந்த வெளி, நல்ல காத்தோட்டம். சாயங்காலம் ரூமுக்குக் கொண்டுவந்து ஒரு மணி நேரம் வெச்சா 20.7க்கு ஏறிடுது. மழை பெஞ்ச மறுநாள் ரொம்ப மோசம், 19.5 தொட்டு அலாரமே அடிக்குது.

டேங்க் மேல வெச்சே கேலிப்ரேஷன் சிலிண்டர் (ஆக்சிஜன் 18.0%, மீதி நைட்ரஜன், மத்த மூணு கேஸும் கலந்தது) விட்டுப் பார்த்தேன், 17.3 காட்டுது. சுத்தமான நைட்ரஜன் விட்டா 0.1. சிலிண்டர் காலாவதி ஆக இன்னும் ஏழு மாசம் இருக்கு.

டீலர் "சென்சார் போச்சு, புதுசு போடுங்க, ஈயம் இல்லாத அஞ்சு வருஷ சென்சாரே இருக்கு" என்கிறார். ஷிஃப்ட்ல உள்ளவங்க "டேங்க் மேலயே ஒரு தடவை ஃப்ரெஷ் ஏர் செட் அடிச்சா சரியாயிடும்" என்கிறாங்க. எது சரி?

ஆம்பூர்_சேஃப்டி:

முதல்ல ஷிஃப்ட் ஆளுங்க சொல்றதை நிறுத்துங்க. மத்ததை அப்புறம் பேசலாம்.

ஃப்ரெஷ் ஏர் செட் அழுத்தினா மானிட்டர் காத்தை அளக்கிறதில்ல. "இப்ப என்னைச் சுத்தி இருக்கிறது 20.9"னு நீங்க சொல்றதை அப்படியே நம்பிக்குது, அவ்வளவுதான். டேங்க் ஓரம் உண்மையில 19.9 இருக்கிற இடத்துல அதை அழுத்துனீங்கன்னு வைங்க. அதுக்கப்புறம் எல்லா ரீடிங்கும் 5% கூடுதலாத்தான் வரும். உள்ளே 18.6 இருக்கும்போதுதான் திரையில 19.5 வரும், அதுவரைக்கும் அலாரம் வாயைத் திறக்காது.

இன்னொண்ணு. ஆக்சிஜன் 0.4 குறையுறதை "சின்ன வித்தியாசம்"னு விடாதீங்க. காத்துல ஆக்சிஜன் ஏறக்குறைய அஞ்சுல ஒரு பங்கு. அதனால வேற வாயு வந்து இடத்தைப் பிடிச்சு 0.4 குறைஞ்சிருந்தா, வந்திருக்கிறது அதைப்போல அஞ்சு மடங்கு, அதாவது கிட்டத்தட்ட 2%, 19,000 பிபிஎம் (பத்து லட்சத்துல இத்தனை பங்கு). ஸ்லட்ஜ் சம்ப்புல கார்பன் டை ஆக்சைடு கிளம்பும், அதுக்கு உங்க நாலு கேஸ் மானிட்டர்ல சென்சாரே கிடையாது. அதைக் காட்டிக்கொடுக்கிறது இந்த ஆக்சிஜன் எண் ஒண்ணுதான்.

அதே கணக்கைத் திருப்பிப் போட்டும் பாருங்க. ஹைட்ரஜன் சல்ஃபைடு 100 பிபிஎம் வந்தா ஆக்சிஜன் குறையுறது வெறும் 0.002. 20.9 அசையாம நிக்கும், ஆனா ஆள் உயிருக்கே ஆபத்து. சுண்ணாம்புத் தொட்டி சல்ஃபைடு தண்ணியும் பிக்கிள், குரோம் பக்கத்து அமிலத் தண்ணியும் ஒரே டேங்க்குல சேர்ற இடத்துல இது எந்த நிமிஷமும் நடக்கும். ஆக்சிஜன் எண்ணைப் பார்த்து ஹைட்ரஜன் சல்ஃபைடு பத்தி முடிவு கட்ட வழியே இல்ல.

கேலிப்ரேஷன்_காட்பாடி:

கேள்வி கேட்டவர் டேங்க் மேலேயே சிலிண்டர் வாயுவையும் விட்டுப் பார்த்திருக்கிறார். பாதி வேலை அதிலேயே முடிந்தது. மூன்று எண்களை வைத்துப் பார்ப்போம்: வெளிக்காற்று 19.6, 18.0 சிலிண்டர் 17.3, நைட்ரஜன் 0.1.

நைட்ரஜனில் 0.1 என்றால் பூஜ்யம் சரி. எலக்ட்ரோலைட் (சென்சாருக்குள் உள்ள ரசாயனக் கரைசல்) கசிவோ சீல் ஓட்டையோ இருந்தால் அது 0.6, 0.8 என்று மேலேயே தொங்கும். ஆக, குறைவது சென்சாரின் கெயின் (ஆக்சிஜனை ரீடிங்காக மாற்றும் விகிதம்) மட்டும். அல்லது காற்று. அல்லது இரண்டும்.

காற்றின் பங்கை முதலில் கழிப்போம். 20.9 என்பது உலர்ந்த காற்றின் கணக்கு (சரியாகச் சொன்னால் 20.95). நீராவி சேர்ந்தால் ஆக்சிஜனின் பங்கு குறையத்தான் செய்யும். நம் பக்கம் காற்றழுத்தம் சுமார் 99 கிலோபாஸ்கல். 36 டிகிரி, 50% ஈரப்பதம் என்று வைத்தால் நீராவியின் அழுத்தம் 2.97 கிலோபாஸ்கல், அதாவது காற்றில் 3%. ஆக்சிஜன் 20.3. ஏசி அறையில் 22 டிகிரி, 55% என்றால் நீராவி 1.5% தான், ஆக்சிஜன் 20.6. நீங்கள் அந்த 20.6-ஐத்தான் 20.9 என்று செட் செய்கிறீர்கள். அதே மானிட்டர் வெளியே எந்தக் கோளாறும் இல்லாமலேயே 20.6 காட்ட வேண்டும். இந்த 0.3 சென்சாரின் தப்பு இல்லை, வானிலை.

ஆனால் நீங்கள் பார்ப்பது 19.6. இன்னும் ஒரு முழு சதவீதம் பாக்கி.

இங்கேதான் சிலிண்டர் சாட்சி சொல்கிறது. சிலிண்டர் வாயு உலர்ந்தது, வெளியே மழையோ வெயிலோ அதில் ஆக்சிஜன் 18.0 தான். ஏசி அறையில் செட் செய்த கெயினுக்கு அது 18.2 காட்ட வேண்டும், காட்டுவது 17.3. விகிதம் 0.95. வெளிக்காற்றுக்கும் அதே கணக்கு: வரவேண்டியது 20.6, வந்தது 19.6, விகிதம் 0.95. இரண்டும் ஒரே விகிதத்தில் விழுந்திருப்பதால் டேங்க் மேலே வேறு வாயு எதுவும் நிற்கவில்லை, சென்சார்தான் 5% மந்தமாகிறது. சிலிண்டர் சரியாக 18.2 காட்டி, வெளிக்காற்று மட்டும் 19.6 காட்டியிருந்தால் கதையே வேறு. அப்போது நம்ப வேண்டியது மானிட்டரை, விலக வேண்டியது நீங்கள்.

சரி, ஏன் மந்தமாகிறது? உங்களுடையது கேப்பிலரி வகை. மேல்மூடியில் ஊசிமுனையை விடச் சிறிய ஒரு துளை, அதன் வழியாகப் பரவி வரும் ஆக்சிஜன் அளவுக்குத்தான் மின்னோட்டம். அந்தத் துளையின் வாயிலோ அதன் மேலுள்ள வடிகட்டியிலோ ஈரம் படிந்தால் ரீடிங் குறையும். 36 டிகிரி, 50% காற்றின் பனிநிலை (ஈரம் நீராகப் படியத் தொடங்கும் வெப்பநிலை) 24 டிகிரியை ஒட்டி வரும். உங்கள் மானிட்டர் 22 டிகிரியில் இருந்து வெளியே வருகிறது. ஃப்ரிட்ஜில் இருந்து எடுத்த தண்ணீர் பாட்டில் வியர்ப்பதுபோல உள்ளே வடிகட்டி வியர்க்கிறது. அதன்மேல் ஷெட் தூசியும் இருந்தால் பசைபோல ஒட்டிக்கொண்டு, மானிட்டர் சூடேறிய பிறகும் லேசில் காயாது. ஏசி அறையின் உலர்ந்த காற்றில் ஒரு மணி நேரம் இருந்தால் காய்ந்து மேலே ஏறுகிறது. மழைக்கு மறுநாள் மோசமாவதும் இதோடு ஒத்துப்போகிறது.

வெப்பநிலையைச் சந்தேகிப்பவர்களுக்கு: கேப்பிலரி சென்சார் சூடானால் அதன் மின்னோட்டம் டிகிரிக்கு 0.1 முதல் 0.2% வரை கூடும், குறையாது. திருத்தம் வேலை செய்யாவிட்டால் ரீடிங் ஏற வேண்டும். ஒரு விதிவிலக்கு உண்டு. மானிட்டரை நேர் வெயிலில் வைத்தால் போர்டில் உள்ள தெர்மிஸ்டர் (வெப்பநிலையை அளக்கும் பாகம்) சென்சாரைவிட முந்திச் சூடாகி, தேவைக்கு மேல் கழித்துவிடும். அது இருபது, முப்பது நிமிடத்தில் சமமாகிவிடும், மதியம் வரை இறங்கிக்கொண்டே போகாது.

செய்து பார்க்க வேண்டியது. வெளியே ரீடிங் குறைந்திருக்கும் நேரத்தில் சிலிண்டர் வாயுவை வழக்கமான ஒரு நிமிடத்தோடு நிறுத்தாமல் ஐந்து நிமிடம் விடுங்கள். உலர்ந்த வாயு ஈரத்தைக் காயவைக்கும். 17.3-இல் தொடங்கி 17.5, 17.8 என்று மெதுவாக ஏறினால் ஈரம் உறுதி. ஐந்து நிமிடமும் 17.3-இலேயே உட்கார்ந்திருந்தால் தூசி அடைப்பு, அல்லது சென்சாரே தேய்கிறது.

அடுத்து வடிகட்டிகள் இரண்டையும் மாற்றுங்கள்: இன்லெட்டில் உள்ள தண்ணீர் தடுக்கும் பிடிஎஃப்இ வட்டு, சென்சார் தலையில் உள்ள மெல்லிய வெள்ளை வடிகட்டி. கழுவிப் போடுவதெல்லாம் வேண்டாம். சென்சார் முகத்தைத் தின்னர், ஸ்பிரிட் எதாலும் துடைக்கக் கூடாது, கம்ப்ரெஸ்ஸர் காற்றால் ஊதவும் கூடாது. ஊதினால் துளை சுத்தமாகாது, உள்ளே உள்ள சவ்வு கிழியும்.

மானிட்டர் இரவு தங்கும் இடத்தையும் மாற்றுங்கள். ஏசி இல்லாத, நிழலான, உலர்ந்த அறை. அங்கிருந்து எடுத்து வெளியே அரை மணி நேரம் நிழலில் வைத்து, டேங்குகளுக்குக் காற்று வரும் திசையில், தள்ளி நின்று செட் செய்யுங்கள். முடிந்தால் ஃப்ரெஷ் ஏர் செட்டை நம்பாமல் சிலிண்டரில் ஸ்பான் செய்யுங்கள், அதாவது சிலிண்டர் வாயுவின் அளவுக்கு ரீடிங்கைச் சரிசெய்யுங்கள்.

சத்துவாச்சாரி_பயோமெட்:

ஹாஸ்பிடல் பக்கத்துல இருந்து ஒரு குறிப்பு, ஏன்னா இந்தத் தலைப்பைத் தேடி வென்டிலேட்டர், பிஎஸ்ஏ பிளான்ட் (காத்துல இருந்து ஆக்சிஜன் பிரிக்கிற நிலையம்) ஆளுங்களும் வருவாங்க.

மேல சொன்ன கணக்கெல்லாம் கேப்பிலரி சென்சாருக்கு. மெடிக்கல் செல் பெரும்பாலும் சவ்வு வகை, அது சதவீதத்தை அளக்காது, ஆக்சிஜனோட பகுதி அழுத்தத்தை (மொத்தக் காத்தழுத்தத்துல ஆக்சிஜனோட பங்கை) அளக்கும். வெளியே வர்றது மில்லிவோல்ட், உள்ளேயே ரெசிஸ்டர் இருக்கும். சவ்வுக்கு வெப்பநிலை பாதிப்பும் அதிகம், டிகிரிக்கு 1 முதல் 3%. உள்ளே உள்ள தெர்மிஸ்டர்தான் அதைச் சமாளிக்குது.

இதுக்கு நான் வைக்கிற டெஸ்ட் ஒண்ணே ஒண்ணு. காத்துல எத்தனை மில்லிவோல்ட், 100% சிலிண்டர் ஆக்சிஜன்ல எத்தனைன்னு ரெண்டையும் எழுதணும். 100-ஐ 20.9-ஆல வகுத்தா 4.78. காத்துல 10.0 கொடுத்த செல் முழு ஆக்சிஜன்ல 47.8 பக்கம் கொடுக்கணும். 41-லயே நின்னுட்டா ஈயம் தேய்ஞ்சு போச்சு, அதிக ஆக்சிஜன்ல அதால மின்னோட்டம் கொடுக்க முடியல. காத்துல மட்டும் கேலிப்ரேட் பண்ணா இது தெரியவே தெரியாது. கான்சன்ட்ரேட்டர், பிஎஸ்ஏ பிளான்ட் வாயுவை "100%"னு வெச்சு செட் பண்றவங்க இருக்காங்க. அது 93, கூடக்குறைய 3. பண்ணாதீங்க.

செல் முகம் கீழே பார்க்கிற மாதிரி மாட்டணும், ஹியூமிடிஃபையருக்கு முன்னாடி. பின்னாடி மாட்டினா தண்ணி முகத்துல உட்கார்ந்துக்கும், அப்புறம் இவரோட அதே கதைதான்.

ஏலகிரி_வயர்மேன்:

சார், இதுல ஒரு டவுட். வேலூர்ல சரி பார்த்த ஆக்சிஜன் மீட்டர் ஒண்ணு ஏலகிரி மேல எடுத்துட்டுப் போனா 18.8 காட்டுது. அலாரம் நிக்கவே மாட்டேங்குது. கீழ வந்தா சரியா கீது. சென்சார் புதுசு. மலை மேல ஆக்சிஜன் அவ்ளோ கம்மியா?

சத்துவாச்சாரி_பயோமெட்:

சதவீதம் அங்கேயும் 20.9 தான் தம்பி. உங்க மீட்டர் பகுதி அழுத்த வகை. ஏலகிரி 1,100 மீட்டர் உயரம், காத்தழுத்தம் சுமார் 89 கிலோபாஸ்கல், வேலூர்ல 99. 20.9-ஐ 89-ஆல பெருக்கி 99-ஆல வகுத்துப் பாருங்க, 18.8 வரும். மீட்டர் ஒழுங்காத்தான் வேலை செய்யுது. மலை மேல போய் நல்ல காத்துல ஒரு தடவை செட் பண்ணுங்க, இறங்கினதும் மறக்காம திரும்ப செட் பண்ணுங்க. மறந்தா வேலூர்ல 23.2 காட்டி, அடுத்து மேல் அலாரத்துக்கு (23.5) பக்கத்துல போய் நிக்கும். கேப்பிலரி மீட்டரா இருந்தா ஏறும்போது கொஞ்ச நேரம் ஆடிட்டு தானா 20.9க்கு வந்துடும்.

ராணிப்பேட்டை_ஈடிபி:

ரொம்ப நன்றி. செஞ்சதைச் சொல்றேன்.

சிலிண்டர் அஞ்சு நிமிஷம் விட்டேன். 17.3ல ஆரம்பிச்சு 17.9 வரைக்கும் ஏறுச்சு, அதுக்கு மேல போகல. பழைய இன்லெட் வட்டு பழுப்பா, தொட்டா ஈரமா இருந்துச்சு. ரெண்டு வடிகட்டியும் மாத்தி, ராத்திரி ஸ்டோர் ரூம்ல வெச்சேன். இன்னைக்கு வெளியே நிழல்ல அரை மணி நேரம் வெச்சு செட் பண்ணேன். மதியம் 20.8, சிலிண்டர் 18.3. நல்லா நிக்குது.

புதுசா ஒண்ணு தெரியுது. மானிட்டரை இடுப்புல மாட்டிட்டு படி ஏறினா ரீடிங் 20.8, 20.3, 20.9ன்னு குதிக்குது. மேசை மேல வெச்சா குதிக்கல. முன்னாடியும் இருந்திருக்கலாம், கவனிக்கல. அப்புறம் அந்த ஈயம் இல்லாத சென்சார் பத்தி யாரும் சொல்லலையே?

கேலிப்ரேஷன்_காட்பாடி:

18.3 சரியான எண்தான். ஈரமான வெளிக்காற்றை, அதாவது உண்மையில் 20.3-ஐ, 20.9 என்று செட் செய்ததால் உலர்ந்த சிலிண்டர் 0.5 வரை கூடுதலாகக் காட்டலாம். அந்த 3% கூடுதல் உறுத்தினால் 18.0-க்கு ஸ்பான் செய்துகொள்ளுங்கள். பிறகு வெளிக்காற்று 20.4 பக்கம் காட்டும், பயப்பட வேண்டாம். பாதுகாப்புக்கு நான் இந்த இரண்டாவது வழியைத்தான் எடுப்பேன். தப்பு வந்தாலும் அலாரம் முந்தி அடிக்கும் பக்கம் வரட்டும்.

அசைத்தால் குதிப்பது இணைப்புக் கோளாறு. தோல் ஷெட் காற்றில் எப்போதும் கொஞ்சம் சல்ஃபைடு இருக்கும், அது வெள்ளிப் பூச்சுள்ள சாக்கெட்டைக் கறுக்க வைக்கும். இந்த சென்சார் கொடுப்பது மில்லிவோல்ட் கணக்கில் மிகச் சிறிய சிக்னல், சாக்கெட்டில் சில ஓம் கூடினாலே ஆட்டம் தெரியும். மானிட்டரை அணைத்து, சென்சாரைக் கழற்றி, ஊசிகளைப் பாருங்கள். கறுப்பு இருந்தால் எலக்ட்ரானிக் கான்டாக்ட் கிளீனரைத் துணியில் தொட்டு ஊசியை மட்டும் துடைத்து, முழுக்கக் காய்ந்த பிறகு மாட்டுங்கள். சிலிகான் உள்ள ஸ்ப்ரே எதையும் அந்த மேசைப் பக்கம் கொண்டுவராதீர்கள், எல்.இ.எல். சென்சாரின் வினையூக்கி மணி (வாயுவை எரித்து அளக்கும் பாகம்) செத்துவிடும். எல்.இ.எல். 0 காட்டிக்கொண்டே இருக்கும், அது செத்தது உங்களுக்குத் தெரியாது. ஊசியைச் சுற்றி வெள்ளைப் பொருக்கு இருந்தால் அது வெளியே வந்து காய்ந்த எலக்ட்ரோலைட். அந்த சென்சாருக்கு வைத்தியம் கிடையாது, கையுறை போட்டு எடுத்துப் பையில் கட்டி, போர்டில் பட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

கழற்றியதும் சென்சாருக்கு உயிர் இருக்கிறதா என்றும் பார்த்துவிடலாம். இரண்டு ஊசிக்கும் குறுக்கே 100 ஓம் ரெசிஸ்டர் ஒன்றை வைத்து, அரை மணி நேரம் காற்றில் விட்டு, மல்டிமீட்டரை 200 மில்லிவோல்ட் ரேஞ்சில் போட்டு அளங்கள். 8 மில்லிவோல்ட் என்றால் 80 மைக்ரோஆம்பியர். டேட்டா ஷீட்டில் "காற்றில் வெளியீடு" என்று ஒரு எல்லை போட்டிருப்பார்கள், அதற்குள் இருந்தால் சென்சார் நலம். ரெசிஸ்டர் இல்லாமல் வெறும் மீட்டரை வைத்து அளந்துவிட்டு "வோல்டேஜ் நன்றாக வருகிறது" என்பவர்கள் உண்டு. அந்த எண்ணில் இருந்து எதுவும் தெரியாது, சாகப்போகும் சென்சாரும் அதைக் கொடுக்கும். ரெசிஸ்டர் வைத்த உடனே வரும் எண்ணையும் நம்பாதீர்கள். திறந்து கிடந்த நேரத்தில் எலக்ட்ரோலைட்டில் கரைந்த ஆக்சிஜன் தீரும்வரை கூடுதலாகக் காட்டி இறங்கும். புது சென்சார் மாட்டியதும் கேலிப்ரேட் செய்தால் மறுநாள் ரீடிங் குறைவதற்கும் இதுவே காரணம். ஒரு இரவு மாட்டிவைத்துவிட்டுச் செய்யுங்கள்.

ஈயம் இல்லாத சென்சார்: பொருள் நல்லதுதான், ஆனால் உங்கள் மானிட்டரில் அப்படியே மாட்ட முடியாது. கால்வானிக் சென்சார் தானே ஒரு சின்ன பேட்டரி. உள்ளே உள்ள ஈயம் ஆக்சைடாக மாறும்போது வரும் மின்னோட்டத்தைத்தான் அளக்கிறோம், ஈயம் தீர்ந்தால் ஆயுள் முடிந்தது. அதனால்தான் அலமாரியில் சும்மா இருந்தாலும் அதற்கு வயசாகும், வாங்கும்போது தயாரிப்புத் தேதியைப் பாருங்கள். ஈயம் இல்லாதது மூன்று மின்முனைகள் உள்ள ஆக்சிஜன் பம்ப் வகை (மானிட்டரின் காற்றுப் பம்ப் வேறு), அதற்கு வெளியில் இருந்து பயாஸ் என்ற சிறு வோல்டேஜ் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும், மானிட்டர் அணைந்திருந்தாலும். போர்டு அதற்கென்று வடிவமைத்ததாக இருக்க வேண்டும். பேட்டரி முழுக்க இறங்கிக் கிடந்தால் மறுபடி நிலைக்கு வர மணிக்கணக்கில் ஆகும். மானிட்டர் தயாரிப்பாளரின் உதிரிப்பாகப் பட்டியலில் உங்கள் மாடலுக்கு நேரே அந்த எண் இருக்கிறதா என்று டீலரிடம் கேளுங்கள்.

ஆம்பூர்_சேஃப்டி:

பம்ப் உள்ள மாடல்னு சொன்னதால ரெண்டு மூணு விஷயம். டியூப்ல ஓட்டை இருந்தா மானிட்டர் வெளிக்காத்தை இழுத்துட்டு டேங்க் அடியிலயும் 20.9 காட்டும். ரீடிங் குறையுற கோளாறாவது கத்தி ஊரைக் கூட்டும், இது சத்தமே போடாது. தினமும் டியூப் நுனியை விரலால அடைங்க. சில நொடியில பம்ப் அலாரம் வந்தாகணும். வரலைன்னா அந்த டியூபை விட்டு இறக்காதீங்க.

சிலிகான் டியூப் வேண்டாம். ஆக்சிஜன் அதன் சுவர் வழியாவே ஊடுருவும், ஹைட்ரஜன் சல்ஃபைடை அது உறிஞ்சிக்கும். மானிட்டரோட வர்ற டியூபையே வாங்குங்க.

நேரம்: 3 மி.மீ. உள்விட்ட டியூப்ல மீட்டருக்கு 7 மி.லி. காத்து நிக்கும். பம்ப் நிமிஷத்துக்கு 300 மி.லி. இழுத்தா மீட்டருக்கு ஒண்ணரை விநாடி. நான் மூணு விநாடின்னு வெச்சுக்குவேன், அது போக ஒவ்வொரு மட்டத்துலயும் ரெண்டு நிமிஷம். மேல, நடு, அடின்னு 1.2 மீட்டருக்கு ஒரு தடவை நிறுத்துங்க. டியூப் நுனி தண்ணியைத் தொடக் கூடாது, ஒரு தடவை உறிஞ்சினா இன்லெட் வட்டு போச்சு. பார்க்கிற வரிசை ஆக்சிஜன், எல்.இ.எல்., அப்புறம் நச்சு வாயு. ஆக்சிஜன் ரொம்பக் குறைஞ்ச இடத்துல எல்.இ.எல். மணியால எரிக்க முடியாது, மீத்தேன் நிறைய இருந்தாலும் குறைவா காட்டும்.

சிலிண்டர் விடும்போது ரெகுலேட்டர் எந்த வகைன்னும் பாருங்க. பம்ப் மாடலுக்கு டிமாண்ட் ரெகுலேட்டர் (பம்ப் இழுக்கிற அளவுக்கு மட்டும் வாயு விடறது) வேணும். நிமிஷத்துக்கு 0.5 லிட்டர் விடற ஃபிக்ஸட் தான் இருக்குன்னா நடுவுல டி பீஸ் (மூணு வாய் உள்ள இணைப்பு) போட்டு ஒரு கையைத் திறந்து விடுங்க. பம்ப் இழுக்கிறதைவிட சிலிண்டர் குறைவா கொடுத்தா அந்தத் திறந்த கை வழியா வெளிக்காத்து கலந்து 18.0 கேஸ் 18.8, 19ன்னு காட்டும். அதை 18.0ன்னு செட் பண்ணா அப்புறம் எல்லாமே குறைவா காட்டும்.

சூடான இடம் பத்தி யாரும் சொல்லல. பாய்லர் புளோ டவுன் (கழிவு வெந்நீர் வெளியே விடற) குழி, சூடான டையிங் தண்ணி வர்ற சம்ப், இங்கெல்லாம் 60 டிகிரி ஆவி முழுசா நிறைஞ்சிருந்தா காத்துல அஞ்சுல ஒரு பங்கு நீராவிதான், ஆக்சிஜன் உண்மையிலேயே 16.7. மானிட்டர் பொய் சொல்லல. ஆறட்டும், ஊதுபம்பு போட்டு காத்து விடுங்க, அப்புறம் பாருங்க.

ராணிப்பேட்டை_ஈடிபி:

ஊசி ரெண்டும் கறுப்பா இருந்துச்சு, துடைச்சேன். குதிக்கிறது நின்னுடுச்சு. 100 ஓம் வெச்சு அளந்தேன், அரை மணி நேரம் கழிச்சு 7.4 மில்லிவோல்ட். டேட்டா ஷீட் எல்லைக்குள்ள இருக்கு. டியூப் நுனியை அடைச்சா அலாரம் வருது. ஆனா டியூப் சிலிகான்தான், மாத்தச் சொல்லிட்டேன். டீலர்கிட்ட உதிரிப்பாகப் பட்டியல் கேட்டேன், எங்க மாடலுக்கு அந்த ஈயம் இல்லாத சென்சார் கிடையாதாம்.

கடைசியா ஒண்ணு: லாக் புக்குல என்ன எழுதணும்? இப்ப "கேலிப்ரேஷன் ஓகே"ன்னு மட்டும் கையெழுத்துப் போடறோம்.

கேலிப்ரேஷன்_காட்பாடி:

சரி செய்வதற்கு முன் சிலிண்டர் வாயுவுக்கு என்ன காட்டியது என்பதை எழுதுங்கள், அதுதான் முக்கியமான எண். தினமும் செட் செய்துவிட்டு "ஓகே" போட்டால் சென்சார் தேய்வதை மானிட்டரே மறைத்துவிடும், கெயினை ஏற்றிக்கொண்டே போய் ஒருநாள் திடீரென்று ஸ்பான் ஃபெயில் என்று சொல்லும். ஈயம் தீரும்வரை இந்த வகை சென்சார் ஏறக்குறைய ஒரே மட்டத்தில் இருக்கும், தீரும்போது சில வாரங்களில் சரியும். முன்ரீடிங் 18.0, 17.9, 18.0 என்று மாதக்கணக்கில் போய்க்கொண்டிருந்தது 17.6, 17.2 என்று இறங்கி, வடிகட்டி மாற்றியும் ஏறவில்லை என்றால் அப்போது வாங்குங்கள் புது சென்சார்.

அதோடு தேதி, இடம், அன்றைய வெப்பநிலை, நைட்ரஜனில் எண், 18-இல் இருந்து காற்றுக்கு மாற்றியதும் நிலைக்கு வர எத்தனை விநாடி. முப்பது விநாடிக்கு மேல் இழுத்தால் முதலில் வடிகட்டியைப் பாருங்கள். மானிட்டரை ஜீப் டாஷ்போர்டில் விட்டுவிட்டுப் போகாதீர்கள். இந்த சென்சார்களுக்கு 50 டிகிரியை ஒட்டித்தான் எல்லை, வேலூர் மே மாதத்தில் கண்ணாடி ஏற்றிய வண்டிக்குள் அதைத் தாண்டிவிடும், எலக்ட்ரோலைட் காய்ந்துபோகும்.

பழைய சென்சாரை உடைத்துப் பார்க்கவோ குப்பையில் போடவோ வேண்டாம். உள்ளே ஈயமும் ரசாயனக் கரைசலும் இருக்கிறது, மின்கழிவு எடுப்பவரிடம் கொடுங்கள்.